நான் கண்டுபிடித்த மணல்தீடை

மார்ச் மாதம் பதினெட்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். வாடைக்காற்று ஓய்ந்து சோளகம் இன்னும் தொடங்காத இடைநாள். கடல் அசையாமல் கிடந்தது. மேற்கே அடிவானத்தில் ஒரே ஒரு துண்டு மேகம். வருடத்தை எழுதவில்லை, என் டயரியில் அந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. அறுபதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தலைமன்னார்ப் பியர் என்ற கப்பல் இறங்குதுறையில், பொதிகள் வைக்கும் கொட்டகைச் சுவரோடு முதுகை ஒட்டி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வள்ளக்காரர் மரியான் அண்ணை நின்றார். அவருடைய நடுவிரல் நுனிகள் இரண்டையும் நான் சுண்ணக்கட்டியால் சுவரில் குறித்தேன். அளவு நாடாவைப் பிடித்தேன். ஆறு அடி மூன்று அங்குலம்.

"அடுத்தது நான்" என்று சொல்லிக்கொண்டு சந்தியோ அண்ணை பீடியை அணைத்துவிட்டு எழுந்து வந்தார். அவருக்கு ஐந்து அடி. சரியாக ஐந்து. ஒரு நூல்கூட அதிகமில்லை.

நான் நாடாவைச் சுருட்டினேன். கொழும்பிலிருந்து மெயில் வண்டி ஏழேகாலுக்கு வரவேண்டும். அதில் என் இலாகாவின் பெரிய பொறியியலாளர் வருகிறார். கடலுக்குள் மணல் குவிந்து மேடானால் மன்னார்க் கரையில் அதைத் தீடை என்பார்கள். நான் கண்டுபிடித்துத் தந்தி அடித்த ஒரு தீடையைப் பார்க்கத்தான் அவர் வருகிறார். அந்தத் தீடை கடலில் இல்லை என்பதும், அது இந்தச் சுவரில்தான் இருக்கிறது என்பதும் எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது.

ஒரு முறைப்பாடு

மேலே போகுமுன் ஒன்று. சென்ற வாரப் பத்தியில், பியரின் நீளம் நான் நடந்து எண்ணியபோது 412 காலடி என்று எழுதினேன். அச்சில் 421 என்று வந்திருக்கிறது. அச்சுக்கோப்பவருக்கு ஒன்பது காலடி ஒரு பொருட்டல்ல. எனக்கு அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை.

அதற்குள் சிலாவத்துறையிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். இளவயதில் தானும் அதே பியரை நடந்து எண்ணியதாகவும் 380 தான் வந்தது என்றும் சொல்கிறார். அவர் என்னைவிட உயரமானவராக இருக்கவேண்டும். நான் ஐந்து அடி நாலு அங்குலம். இந்த வாரம் நான் எழுதவந்ததும் ஏறக்குறைய இதே விவகாரம்தான்.

பன்னிரண்டு இடங்கள்

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. பெரியமடுப் பக்கத்து வயற்காரக் குடும்பம் எங்களுடையது. குளத்துத் தண்ணீர் எத்தனை நாளைக்குக் காணும் என்று சொல்லத் தெரியும். கடலைக் கிட்ட நின்று பார்த்தது வேலைக்கு வந்த அன்றுதான். தகுதிகாண் காலம் ஒரு வருடம். அது ஏப்ரலில் முடிகிறது. பெரியவர் கையெழுத்து வைத்தால் வேலை நிரந்தரம், வைக்காவிட்டால் திரும்பவும் பெரியமடு.

பெரியவரைப் பெரியவர் என்றே எழுதிக்கொண்டு போகிறேன். அவருடைய பிள்ளைகள் இந்தப் பத்திரிகை வாசிக்கிறவர்கள்.

இராமேசுவரத்துக் கப்பல் வாரத்தில் மூன்று நாள் வந்து பியரில் அணையும். அது வரும் வழியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து எழுதவேண்டும். என் வேலைகள் மொத்தம் பதினான்கு. ஆழம் பார்ப்பது ஆறாவது. பன்னிரண்டு இடங்களைக் குறித்து வைத்திருந்தேன். வள்ளத்தில் போய், ஈயக்குண்டு கட்டிய கயிற்றை அந்தப் பன்னிரண்டு இடத்திலும் இறக்கவேண்டும்.

அடி அடியாக அடையாளம் வைத்த இலாகாக் கயிறு ஒன்று இருந்தது. அடையாளத் தோல்கள் உக்கிப்போனதால், நான் வருமுன்பே அதைத் திருத்தக் கொழும்புக்கு அனுப்பியிருந்தார்கள். நான் போட்ட நினைவூட்டல் கடிதம் ஏழு. வந்த பதில் இரண்டு. கயிறு வரவில்லை.

ஆகவே வருடம் முடியும் தறுவாயில், வள்ளக்காரரின் கயிற்றை நம்பி முதல்தரம் ஆழம் பார்த்தேன். மரியான் அண்ணையும் சந்தியோ அண்ணையும்தான் இலாகா வள்ளத்துக்கு ஆட்கள். ஒருவர் தங்கையை மற்றவர் கலியாணம் முடித்திருந்தார். வள்ளத்தில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை ஒருவரை ஒருவர் நையாண்டி பண்ணுவார்கள். ஒருநாள் எண்ணினேன்: கரைக்கு வருமுன் முப்பத்தாறு.

அவர்கள் ஆழத்தை அடியில் சொல்வதில்லை, பாகத்தில் சொல்வார்கள். இரண்டு கையையும் அகல விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனிவரை ஒரு பாகம். நான் படித்த புத்தகத்தில் ஒரு பாகம் என்பது ஆறு அடி. அவர்கள் பாகம் சொல்லச் சொல்ல நான் ஆறால் பெருக்கி எழுதினேன்.

மார்ச் மூன்றாம் திகதி, திங்கள். குண்டை இறக்கியவர் சந்தியோ அண்ணை. பன்னிரண்டு இடத்திலும் மூன்று பாகம். ஓரிடத்தில் ஒரு சாண் கூட, இன்னோரிடத்தில் ஒரு சாண் குறைய. பதினெட்டு அடி என்று எழுதினேன். எனக்கு முன்பு அந்தக் கதிரையில் இருந்தவர் விட்டுப்போன வரைபடத்தில் பதினைந்து அடி என்றிருந்தது. அந்த மனிதருக்கு எண்ணத் தெரியாது என்று தீர்மானித்து, சிவப்பு மையால் பன்னிரண்டு தரம் வெட்டினேன்.

அன்று மாலை வங்காலையிலிருந்து ஆள் வந்தது. சந்தியோ அண்ணையின் மகளுக்கு ஆண்பிள்ளை. இரண்டு கிழமை லீவு கேட்டு, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் புறப்பட்டுப் போனார். பேரப்பிள்ளை பார்க்கப் போகிறவருக்குக் கயிறு எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பதினோராம் திகதி செவ்வாய்க்கிழமை மரியான் அண்ணை தன்னுடைய கயிற்றோடு வந்தார். அதே வள்ளம், அதே ஈயக்குண்டு, அதே பன்னிரண்டு இடம், கடற்பெருக்கும் அதே அளவு. அவர் சொன்னது இரண்டரைப் பாகத்துக்குச் சற்றுக் குறைவு. பெருக்கினால் பதினான்கரை அடி.

எட்டு நாளில் மூன்றரை அடி மணல். பன்னிரண்டு இடத்திலும் ஒரே உயரம். அந்த ஒழுங்கைப் பார்த்து நான் சந்தேகப்பட்டிருக்கவேண்டும். எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. இவ்வளவு சுத்தமான கணக்கு என் வாழ்நாளில் கிடைத்ததில்லை. கந்தோரில் இருந்து மேலும் கணக்குப் போட்டேன். இதே வேகத்தில் மணல் ஏறினால் முப்பத்து மூன்று நாளில் தண்ணீர் முடிந்துவிடும். தலைமன்னார்க் கழுதைகள் நடந்தே இராமேசுவரம் போகும்.

பத்தொன்பது சொற்கள்

மறுநாள் கொழும்புக்குத் தந்தி அடித்தேன். பத்தொன்பது சொற்கள். பதில் எட்டுச் சொற்களில் வந்தது: கப்பல் வெளியே நிற்கட்டும், பெரியவர் அடுத்த செவ்வாய்க்கிழமை நேரில் வருகிறார்.

ஒரு கப்பல், எட்டுச் சொல்லுக்காக வெளியே நின்றது. சனிக்கிழமை அரை மைல் தள்ளி நங்கூரம் போட்டது. பயணிகளை வள்ளங்களில் இறக்கினார்கள். முந்நூற்றுப் பதினேழு பேர். முழங்காலுக்கு மேலே நனைந்தவர்கள் நூற்று எண்பத்து நான்கு. பித்தளைக் குடம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, வள்ளம் சரியும்போதெல்லாம் சிரித்தார். அவர் சிரிக்க மற்றவர்களும் சிரித்தார்கள். புடைவை வியாபாரிகள் மட்டும் சிரிக்கவில்லை.

நான் குடை பிடித்துக்கொண்டு பியரில் நின்றேன். இத்தனை பேரையும் தரைதட்டாமல் காப்பாற்றியவன் நான் என்று எனக்குள் ஒரு பெருமை. நனைந்தவர்களை அந்தப் பெருமையோடுதான் எண்ணினேன்.

ஒரே இடம், இரண்டு கயிறு

இனிச் சுவருக்குத் திரும்பலாம். அன்று காலை ஆறு மணிக்கு, பெரியவருக்காக நான் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, சந்தியோ அண்ணை வந்தார். தோளில் கயிறு, கையில் வங்காலையிலிருந்து கொண்டுவந்த எள்ளுருண்டைப் பொட்டலம். மார்ச் சூசையப்பரின் மாதம் என்பதால் பேரனுக்குச் சூசை என்று பெயர் வைத்ததாகச் சொல்லி, எனக்கு மூன்று உருண்டை தந்தார். நான் தீடையைப் பற்றிச் சொன்னேன். அவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்.

"நேற்று மத்தியானமே வங்காலையாலை வந்திட்டன். பின்னேரம் நான் அதிலைதான் ஐயா வலை விட்டனான். தீடை வந்தால் என்ரை வலைக்குத் தெரியாமலோ வரும்?"

வள்ளத்தைக் கழுவிக்கொண்டிருந்த மரியான் அண்ணை நிமிர்ந்தார். "அப்ப நான் பொய் சொன்னனானோ மச்சான்?"

"நீ பொய் சொல்லேல்லை. உன்ரை கை நீளம், அவ்வளவுதான்."

இருவரும் பியரின் முனைக்குப் போனார்கள். நானும் ஓடினேன். ஒரே இடத்தில் ஒருவர் பின் ஒருவராகக் குண்டை இறக்கினார்கள். சந்தியோ அண்ணை மூன்று என்றார். மரியான் அண்ணை இரண்டரை வராது என்றார். எட்டு நாளில் ஏறிய மணல் அரை நிமிடத்தில் ஏறியது.

கடற்காரர் கயிற்றுக்கு முடிச்சுப் போடுவது தம் தம் கையை விரித்துத்தான். ஒருவர் கயிற்றில் இன்னொருவர் கைவைப்பதில்லை. வலையின் நீளம், நங்கூரக் கயிறு, கடலின் ஆழம் எல்லாம் ஒரே இரண்டு கையால் அளக்கப்படுவதால் அவர்களுக்குப் பிழை வருவதே இல்லை. பிழை என் பெருக்கலில் இருந்தது.

இரண்டு கயிற்றையும் நான் பார்க்காமல் இல்லை. இரண்டிலும் முடிச்சு எத்தனை என்று எண்ணியும் இருந்தேன். இதிலும் பன்னிரண்டு, அதிலும் பன்னிரண்டு. எண்ணியதோடு திருப்தியடைந்துவிட்டேன்.

காக்கா சொன்ன வழி

பியருக்குள் நுழையும் இடத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. நடத்தியவர் சிலாவத்துறைக்காரர்; முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல எல்லோருக்கும் அவர் காக்கா. சுவரைவிட்டு என்னை இருவரும் அங்கே கூட்டிப்போய் வாங்கில் இருத்தினார்கள்.

மரியான் அண்ணை குனிந்து மெதுவாகச் சொன்னார். "யோசியாதேங்கோ ஐயா. பெரியவருக்கு எத்தினை பாகம் காட்டவேணும் எண்டு சொல்லுங்கோ. அந்தக் கணக்குக்கு நான் முடிச்சுப் போட்டுத் தாறன்."

அவர் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை. அவ்வளவு அன்பாக யாரும் எனக்கு அதற்குமுன் ஒரு பொய்யைத் தரவில்லை.

காக்கா சொன்ன வழி இன்னும் சுலபம். "மணல் வந்திச்சு, போயிட்டுது எண்டு சொல்லிடுங்க. மன்னார் மணல் ஆரைக் கேட்டு வருது, ஆரைக் கேட்டுப் போவுது?"

அது உண்மைதான். மன்னாரில் மணல் நடக்கும் என்று கொழும்பில் ஒரு குழந்தைக்கும் தெரியும். நான் குறிப்புப் புத்தகத்தில் காக்காவின் வசனத்தையும், உள்ளதைச் சொல்லும் வசனத்தையும் எழுதிப் பார்த்தேன். காக்காவின் வசனத்துக்கு ஆறு சொல் போதும். மற்றதுக்குப் பத்துச் சொல். ஆறு சொல்லைச் சொன்னால் ஏப்ரலில் வேலை நிரந்தரம். பத்துச் சொல்லைச் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியாது.

மெயில் அன்று முப்பத்தேழு நிமிடம் பிந்தியது. அந்த முப்பத்தேழு நிமிடமும் ஆறு சொல் பக்கம்தான் நின்றேன், கடைசி மூன்று நிமிடம் தவிர. வரைபடத்தை விரித்துப் பார்த்தபோதுதான் சிவப்பு மை கண்ணில் பட்டது. மணல் போய்விட்டது என்று சொன்னால் பதினெட்டு அடி என்ற என் எழுத்து அப்படியே நிற்கும். அங்கே இருப்பது சந்தியோ அண்ணையின் கையால் மூவைந்து பதினைந்து. இல்லாத மூன்று அடியை நம்பி ஒருநாள் ஒரு கப்பல் வரும். அந்தப் பித்தளைக் குடத்து அம்மா திரும்பிப் போகவும் இதே வழிதான்.

ஏழு ஐம்பத்திரண்டுக்கு வண்டி வந்து நின்றது.

சுவரில் நாற்பத்தொரு பேர்

பெரியவர் பருத்தித்துறைக்காரர். குட்டையான மனிதர், வெள்ளைத் தொப்பி, கையில் கறுப்புப் பெட்டி. இறங்கியதும் "எங்கை தீடை?" என்றார்.

"சேர், தீடை இல்லை. ரெண்டு பேற்றை கையை ஆறாலை பெருக்கினது என்ரை பிழை."

அவர் இரண்டு கயிற்றையும் கேட்டு வாங்கினார். முடிச்சோடு முடிச்சு வைத்துப் பார்த்தார். சுவருக்கு நடந்துபோய், எந்தக் கோடு யாருடையது என்று விசாரித்தார். பிறகு பெட்டியைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றி என் கையில் தந்தார். சுவரில் சாய்ந்து கைகளை விரித்தார்.

"என்னையும் அளவும்."

அளந்தேன். ஐந்து அடி ஐந்து அங்குலம்.

"பெரியவர் என்ரை கட்சி" என்றார் சந்தியோ அண்ணை.

பெரியவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் மற்றவர்கள் கிட்ட வந்தார்கள். சுங்கக் கந்தோர் எழுத்தர்மார் இரண்டு பேர் வந்து நின்றார்கள். பொதி தூக்குகிறவர்கள் வரிசையாக வந்தார்கள். எஞ்சின் சாரதி கரிக்கையோடு வந்து, சுண்ணக்கட்டி இல்லாமலே சுவரில் தன் கோட்டைப் போட்டார். கப்பலுக்குக் காத்திருந்த பயணிகள் பெட்டிகளை விட்டுவிட்டு வந்தார்கள். ஒரு புருசனும் பெண்சாதியும் ஒரே அளவு வந்ததில் அவர்களுக்குள் சின்னத் தகராறு வந்தது. மேடையில் நின்ற கன்னியாஸ்திரிகள் இருவர் கை விரிக்க மறுத்துவிட்டார்கள். அவர்களைச் சேர்க்காமல் நாற்பது பேர். மிகப் பெரிய பாகம் மரியான் அண்ணையுடையது. மிகச் சின்னது சந்தியோ அண்ணையுடையது. நாற்பது பேரில் ஒருவருக்குக்கூட என் புத்தகத்தின் ஆறு அடி வரவில்லை.

அப்போது காக்கா தட்டில் தேத்தண்ணி கொண்டுவந்தார். தட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு அவரையும் சுவரில் நிறுத்தினார்கள்.

ஆறு அடி. நான் மூன்று தரம் அளந்தேன். பெரியவர் ஒரு தரம் அளந்தார். ஆறு அடி.

"வாழ்நாளிலை கடலுக்குப் போகாத மனிசன்" என்றார் மரியான் அண்ணை. "ஆண்டவர் குடுத்திருக்கிற பாகத்தைப் பாருங்கோ."

காக்கா தட்டை எடுத்துக்கொண்டார். "அவன் தந்தது சும்மா. தேத்தண்ணி சும்மா இல்லை."

கொழும்புக் கயிறு வந்து சேரும்வரை இலாகாவின் பாகம் காக்காவின் கை என்று பெரியவர் அந்த இடத்திலேயே உத்தரவு போட்டார். கடையில் புதுக் கயிறு வாங்கிவந்தேன். காக்கா கையை விரிக்க விரிக்க நான் முடிச்சுப் போட்டேன். பன்னிரண்டு முடிச்சு. இந்தத் தரம் ஒவ்வொரு இடைவெளியையும் நாடாவால் அளந்தேன்.

வள்ளம் புறப்பட்டபோது இன்னொரு சிக்கல். அந்தக் கயிற்றைத் தொட மரியான் அண்ணை மறுத்தார். சந்தியோ அண்ணையும் மறுத்தார். அது தங்கள் கயிறு இல்லையாம். பெரியவர் என்னைப் பார்த்தார். வயற்காரன் நான், முதன்முறையாக ஈயக்குண்டைக் கையில் எடுத்தேன்.

குண்டு விரல்களுக்கிடையால் கயிற்றை இழுத்துக்கொண்டு போனது. ஈரக் கயிறு உள்ளங்கையைச் சுட்டது. பிறகு அடியிலிருந்து ஒரு சின்னத் தட்டல், யாரோ கதவின் மறுபக்கம் ஒரு விரலால் தட்டியது போல. அதுதான் மணல். நான் எழுதிக்கொண்டிருந்த கடலின் அடி அன்றுதான் என் கைக்குத் தெரிந்தது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பெரியவர் முன்னால் அப்படிச் சிரித்திருக்கக்கூடாது.

பன்னிரண்டு இடம். பன்னிரண்டிலும் இரண்டரைப் பாகம். பதினைந்து அடி. எனக்கு முன் அந்தக் கதிரையில் இருந்த மனிதர் எழுதிய அதே பதினைந்து. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. இந்தப் பத்தியில் கேட்டுக்கொள்கிறேன்.

பிற்பகல் இரண்டு பத்துக்குக் கப்பல் நேராக வந்து பியரில் அணைந்தது. ஏறிப்போனவர்களில் நனைந்தவர்கள் ஒருவரும் இல்லை.

கணக்கு

போகுமுன் பெரியவர் காக்காவின் கடை வாங்கில் இருந்து, கறுப்புப் பெட்டியிலிருந்த என் கோவையை எடுத்து எழுதினார். எழுதிக்கொண்டே சொன்னார். "எண்ணத் தெரிஞ்ச ஆள் நீர். அளக்கத் தெரியேல்லை. வேலை நிரந்தரம். சம்பள ஏற்றம் மட்டும் ஆறு மாசம் பிந்தும், அதுக்குள்ளை பழகும்."

நான் தலையாட்டினேன். எனக்கு அப்போது ஏற்றம் காதில் விழவில்லை, நிரந்தரம் மட்டும்தான் விழுந்தது.

சந்தியோ அண்ணைக்கு ஒரே சந்தோஷம். பேரன் பிறந்திராவிட்டால் தான் வங்காலைக்குப் போயிருக்கமாட்டேன், மச்சான் குண்டு இறக்கியிருக்கமாட்டான், தீடை வந்திருக்காது, பெரியவரும் வந்திருக்கமாட்டார் என்று கப்பற்காரர் வரைக்கும் சொன்னார். சூசை என்று வைத்த பெயர் கோயிற் புத்தகத்தில்தான் நின்றது. ஊரில் அந்தப் பிள்ளை தீடை. இன்று அவருக்கும் நரைத்துவிட்டது; வங்காலையில் தீடையரின் வீடு எது என்றால் சின்னப்பிள்ளையும் காட்டும். போன வருடம் பார்த்தபோது கையை விரிக்கச் சொல்லி அளந்தேன். ஐந்து அடி ஒரு அங்குலம். பாட்டனாரைவிட ஒரு அங்குலம் முன்னேற்றம்.

என் மனைவியுடையது நாலு அடி பதினொரு அங்குலம். அதை எப்போது, எப்படி அளந்தேன் என்பது பத்திரிகைக்கு உரியதல்ல.

இனிச் செலவு. பிந்திய ஏற்றம் மாதம் பதினைந்து ரூபாய், ஆறு மாதம், தொண்ணூறு ரூபாய். சுவரில் நின்ற நாற்பத்தொரு பேருக்கும் தேத்தண்ணி, பெரியவர் இரண்டு தரம் குடித்ததால் நாற்பத்திரண்டு கோப்பை, கோப்பை பத்துச் சதம், நாலு ரூபாய் இருபது சதம். காக்கா தன்னுடைய கோப்பைக்கும் காசு எடுத்தார். கயிறு மூன்று ரூபாய் அறுபது சதம். அது இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. சந்தியோ அண்ணையின் பேரனுக்கு ஒரு சட்டை, இரண்டு ரூபாய் எழுபத்தைந்து சதம். சுண்ணக்கட்டி ஐந்து சதம். அதைத் தந்த சுங்கக் கந்தோர்க்காரர் காசு வாங்க மறுத்துவிட்டதால் கழித்துவிட்டேன்.

இல்லாத மணலுக்கு இது கூடுதல் என்று மனைவி இன்றும் சொல்கிறாள். மூன்றரை அடிக்குப் பிரித்துப் பார்த்தேன். அடிக்கு இருபத்தெட்டு ரூபாய் எழுபத்து மூன்று சதம் வருகிறது. அதற்கு மேலும் கொடுத்திருப்பேன். கொடுத்தது நூறு ரூபாய் ஐம்பத்தைந்து சதம்.